இல்லாத நாட்டின் பணம்: குராசாவ் தீவில் ஆறு நாள்

ஜூன் 27, 2025, வெள்ளி. வில்லெம்ஸ்டாட்

பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்த களைப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

வெளியே வந்ததும் முகத்தில் அறைந்தது காற்று. வெயில் 32 டிகிரி இருக்கும். ஆனால் காற்று நிற்பதே இல்லை என்பதால் வேர்வை தெரியவில்லை. வெனிசுவேலா கரையிலிருந்து 65 கிலோமீட்டர் தள்ளி, கள்ளியும் முள்ளுமாகக் கிடக்கும் வறண்ட தீவு இது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்த அண்ணன், "நம்ம விருதுநகர் பக்கம் மாதிரியேதாம்மா இருக்கு, கடல் மட்டும் கூட இருக்கு" என்றார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குறிப்புகள் புரியாது. விருதுநகரில் ஒரு வங்கியில் 36 வருஷம் வேலை பார்த்தவர், அதில் பெரும்பகுதி காசாளராக. 2019இல் ஓய்வு பெற்றார். பள்ளிக்கூட நாளிலிருந்து நாணயம் சேர்க்கிறார். நான் நெதர்லாந்தில் எட்டு வருஷமாக இருக்கிறேன். இந்தக் கோடையில் முதல் முறையாக என்னிடம் வந்தார். பாரிஸ் போகலாமா, சுவிட்சர்லாந்து போகலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "குராசாவ் போலாம். ஜூன் 30ஆம் தேதியோட அங்க பழைய கில்டர் பணம் முடியுது. அதைக் கண்ணால பாக்கணும்."

தங்கியிருப்பது ஓட்ரோபண்டாவில். 'அந்தக் கரை' என்று பொருள். துறைமுக வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஓட்ரோபண்டா, எதிர்ப் பக்கம் புண்டா. விடுதி நடத்தும் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சாவியைக் கொடுக்கும்போதே "துஷி" என்று கூப்பிட்டார். இந்தத் தீவு மக்கள் பேசும் பாப்பியமெந்து மொழியில் அது இனிப்பு, செல்லம், கண்ணு எல்லாமே. அண்ணனையும் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் கூச்சத்தோடு கும்பிட்டார்.

இரவு சாப்பாடு தெருவோர வண்டியில். 'ட்ருக் டி பான்' என்கிறார்கள், ரொட்டி வண்டி. சுட்ட இறைச்சியை ரொட்டிக்குள் திணித்து, மேலே நிலக்கடலைச் சாறு. இருவருக்கும் 18 கில்டர். ஒரு கில்டர் நம் கணக்கில் ஏறக்குறைய 48 ரூபாய். இயந்திரத்தில் எடுத்த புதிய 50 கில்டர் நோட்டை நீட்டினேன். மீதியாக வந்தது ஒரு பழைய 25 கில்டர் நோட்டு, ஒரு ஐந்து கில்டர் நாணயம், இரண்டு ஒற்றைக் கில்டர். நோட்டில் பூநாரை. அண்ணன் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நாணயத்தைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். நெதர்லாந்து அண்டிலிஸ்.

"இந்த நாடே இப்ப இல்லம்மா" என்றார்.

உண்மைதான். கரீபியனில் இருந்த டச்சுத் தீவுகளைச் சேர்த்து வைத்த நெதர்லாந்து அண்டிலிஸ் என்ற நாடு 2010 அக்டோபர் 10ஆம் தேதி கலைக்கப்பட்டது. குராசாவும் சிண்ட் மார்டனும் டச்சு முடியரசுக்குள் தனி நாடுகள் ஆயின. பொனேர், சாபா, சிண்ட் யுஸ்டேஷியஸ் மூன்றும் நெதர்லாந்தோடு நேரடியாகச் சேர்ந்து, 2011 ஜனவரி 1 முதல் அமெரிக்க டாலருக்கு மாறிவிட்டன. அருபா 1986லேயே பிரிந்து தனக்கென்று ஃப்ளோரின் வைத்துக்கொண்டது. நாடு போன பிறகும் அதன் பணம் பதினான்கரை வருஷம் ஓடியிருக்கிறது. 2012இலேயே புதுப் பணம் வரும் என்றார்கள், தள்ளிக்கொண்டே போய் இந்த மார்ச் 31ஆம் தேதிதான் 'கரீபியன் கில்டர்' வந்தது.

ஜூன் 28, சனி. புண்டா

காலையில் மிதக்கும் பாலத்தைக் கடந்தோம். எம்மா ராணி பாலம். படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டது. கப்பல் வந்தால் மணி அடிக்கும், பாலம் முழுதாக ஒரு பக்கமாக நகர்ந்து ஒதுங்கும். நாங்கள் நடுவில் இருக்கும்போதே மணி அடித்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தி எதுவும் நடக்காதது போல ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

1888இல் கட்டிய பாலம். கட்டியவர் லெனார்ட் பர்லிங்டன் ஸ்மித் என்ற அமெரிக்கத் தூதர். 1934 வரை கடக்கக் காசு வாங்கியிருக்கிறார்கள். செருப்பு போட்டவருக்கு இரண்டு சென்ட், வெறுங்காலோடு வந்தால் இலவசம். வசதியானவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்றும், ஏழைகள் மானத்துக்காகச் செருப்பு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு சென்ட் கொடுத்தார்கள் என்றும் ஊரில் சொல்கிறார்கள். விடுதி அம்மாவும் அதைத்தான் சொன்னார். அவருடைய பாட்டி செருப்பு இரவல் வாங்கியவராம்.

மதியம் பிளாசா பியூ. பழைய சந்தைக் கூடம். பெரிய பெரிய அண்டாக்கள், புகை, நீள மேசைகள். யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். அண்ணன் ஆட்டுக்கறிக் குழம்பு வாங்கினார், நான் கியாம்போ. கியாம்போ என்றால் வெண்டைக்காய்தான். கொழகொழவென்று மீன் போட்டுக் காய்ச்சிய சூப். கூடவே ஃபுஞ்சி. வாயில் வைத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோளக்களியேதான். எங்கள் அம்மா துடுப்பு போட்டுக் கிண்டிய அதே பதம். குடிக்க 'அவா டி தமரெய்ன்', புளித்தண்ணீர், சர்க்கரை போட்டது. நம் பானகத்தில் சுக்கு மட்டும் இல்லை. தட்டு 22 கில்டர், புளித்தண்ணீர் 5. எதிரில் உட்கார்ந்திருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர், அண்ணன் கையால் சாப்பிடுவதைப் பார்த்து, தன் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் மீனைப் பிய்த்தார். சிரித்தார். அப்புறம் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு யூதர் கோயில் பக்கம் நடந்தோம். சனிக்கிழமை, வழிபாட்டு நாள். உள்ளே பார்க்க முடியவில்லை. 1732இல் கட்டியது, தரையில் மணல் பரப்பியிருக்கும். அண்ணனுக்கு அந்தத் தெரு முக்கியம். 1880 வாக்கில் இங்கே சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. நெதர்லாந்திலிருந்து சின்னக் காசு போதுமான அளவு வரவில்லை. அப்போது ஜெசுருன், லைபா, நார் என்ற வணிக நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே ஒரு ஸ்டைவர் என்ற சில்லறை மதிப்புக்கு வில்லைகளை அடித்து விட்டன. சந்தையில் அதுவே காசாகப் புழங்கியது. "கடைக்காரன் பேருக்கு இருந்த மதிப்புதாம்மா காசு" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வில்லையையாவது பார்த்துவிட வேண்டும் என்று பழம்பொருள் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். கிடைக்கவில்லை. சதுர ஐந்து சென்ட் ஒன்று கிடைத்தது, 15 கில்டருக்கு. 1943ஆம் வருஷத்துக் காசு.

அந்தக் காசின் கதையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1940 மே மாதம் நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்தது. தாய்நாட்டு நாணயச் சாலையும் போயிற்று, டச்சு கில்டரோடு இருந்த பிணைப்பும் போயிற்று. ஆனால் இங்கே ஷெல் எண்ணெய் ஆலை ஓடிக்கொண்டிருந்தது, நேச நாடுகளின் விமானங்களுக்கு எரிபொருள் இங்கிருந்து போயிற்று. அப்போதுதான் குராசாவ் கில்டரை டாலரோடு கட்டினார்கள், ஒரு டாலருக்கு 1.88585 கில்டர். காசுகளை அமெரிக்க நாணயச் சாலைகளில் அடித்தார்கள். 1971 டிசம்பரில் டாலரின் மதிப்பு குறைந்தபோது அந்த எண் 1.79 ஆயிற்று. அதற்குப் பிறகு மாறவே இல்லை. இந்த மார்ச்சில் வந்த புதுக் கில்டரும் டாலருக்கு 1.79தான். 54 வருஷமாக ஒரே எண்.

தெருக்கடைக்காரர்கள் கணக்கு எளிதாக இருக்க 1.75 என்று வாங்குகிறார்கள். ஒரு துணிக்கடையில் முதலாளி சிந்திக்காரர். இங்கே சிந்தி வணிகர்கள் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அண்ணனிடம் இந்தியில் பேச ஆரம்பித்தார், அண்ணனுக்கு இந்தி வராது என்றதும் ஆங்கிலத்துக்கு மாறி, உட்கார நாற்காலி போட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். நாங்கள் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் வாசல் வரை வந்து அனுப்பினார்.

ஜூன் 29, ஞாயிறு. மேற்குக் கரை

இன்றைக்கு வாடகைக்குக் கார் எடுத்தோம். முன்பணம் 100 கில்டர், ரொக்கமாக.

முதலில் யான் கோக் உப்பளம். டச்சுக்காரர்கள் 1634இல் ஸ்பெயினிடமிருந்து இந்தத் தீவைப் பிடித்ததற்கு ஒரு காரணம் உப்பு. மீனைப் பதப்படுத்த அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. இப்போது உப்பு எடுப்பதில்லை, ஆழமில்லாத இளஞ்சிவப்புத் தண்ணீரில் பூநாரைகள் நிற்கின்றன. இருபத்தைந்து முப்பது இருக்கும். அண்ணன் சட்டைப் பையிலிருந்து 25 கில்டர் நோட்டை எடுத்தார். நோட்டில் ஒன்று, எதிரே முப்பது. ரொம்ப நேரம் பேசவில்லை. பழைய வரிசையில் எல்லாமே பறவைகள். பத்தில் தேன்சிட்டு, ஐம்பதில் சிட்டுக்குருவி, நூறில் மஞ்சள் வயிற்றுச் சின்னக் குருவி. புதியதில் கடலுக்கு அடியில் வாழும் உயிர்கள். புதிய வரிசையில் 25 கிடையாது, அதற்குப் பதில் 20. பூநாரையோடு அந்தத் தொகையும் போகிறது.

அங்கிருந்து பத்து நிமிஷத்தில் டயர் வெடித்தது. நிழல் இல்லாத சாலை. மாற்றுச் சக்கரம் இருந்தது, ஜாக்கியின் பிடி உடைந்திருந்தது. கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு பழைய சின்ன லாரி வந்து நின்றது. அப்பாவும் பையனும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து மாற்றினார்கள். 20 கில்டர் நீட்டினேன். அந்தப் பெரியவர் என் கையை மெல்ல மூடிவிட்டு, பையனைக் கூப்பிட்டு லாரியிலிருந்து எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வரச் சொன்னார். எங்களுக்குக் கொடுக்க. சட்டை முதுகெல்லாம் செம்மண். அவர் பெயரைக் கூடக் கேட்கவில்லை என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

கெனேபா போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. மஞ்சள் நிறப் பண்ணை மாளிகை, கதவு பூட்டியிருந்தது. வெளியே திண்ணையில் உட்கார்ந்தோம். 1795 ஆகஸ்ட் 17ஆம் தேதி காலை இந்தப் பண்ணையில் வேலை செய்த நாற்பது ஐம்பது அடிமைகள், துலா என்பவரின் தலைமையில், இனி வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டு நகரத்தை நோக்கி நடந்தார்கள். பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்துவிட்டது, பிரான்ஸ் இப்போது ஹாலந்தையும் பிடித்துவிட்டது, ஆகவே நாங்களும் விடுதலை பெற்றவர்கள் என்பது துலாவின் வாதம். அக்டோபர் 3ஆம் தேதி அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். டச்சு அரசு அவருடைய பெயருக்கு இருந்த குற்றத்தை நீக்கியது 2023 அக்டோபர் 3ஆம் தேதி. 228 வருஷம்.

பணத்தின் வரலாற்றை எழுத வந்தவள் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். இந்தத் தீவில் இரண்டும் ஒன்றுதான். டச்சு வெஸ்ட் இந்தியா கம்பெனி ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களை இங்கே இறக்கி, ஸ்பானிய அமெரிக்காவுக்கு விற்றது. விலை ஸ்பானிய வெள்ளிப் பெசோவில். எண்ணுவதற்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள், 'பியெசா டி இந்தியா'. திடகாத்திரமான வயதுவந்த ஓர் ஆண் ஒரு பியெசா. பிள்ளைகளும் வயதானவர்களும் நோயாளிகளும் அதன் பின்னங்கள். மனிதனே கணக்கலகாக இருந்தான். அந்தப் பெயரில் உள்ள 'இந்தியா' எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விளக்கம், ஓர் ஆளுக்கு மாற்றாகக் கொடுத்த இந்தியத் துணித் துண்டு என்பது. அந்தத் துணி வியாபாரம் கற்பனை இல்லை. சோழமண்டலக் கரையில் நெய்த நீலத் துணி கப்பல் ஏறி, ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமைகளை வாங்கப் பயன்பட்டது. டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் 1690 வாக்கிலிருந்து நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தில் எங்கள் அண்ணி பிறந்தார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து இதை அண்ணன் சொன்னபோது காற்று மட்டும்தான் சத்தம் போட்டது.

திரும்பும் வழியில் கெனேபா கடற்கரையில் அரை மணி நேரம். அவ்வளவு நீலத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீரில் கால் வைக்க மனசு வரவில்லை.

ஜூன் 30, திங்கள். கடைசி நாள்

காலை எட்டரைக்கே புண்டா. வங்கி வாசலில் வரிசை, நாற்பது பேர் இருக்கும். சத்தம் இல்லை. ஒரு கிழவர் மட்டும் மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார். ஒரு பெண் ஊறுகாய்ப் புட்டி அளவு கண்ணாடிச் சாடியில் காசு நிரப்பி மடியில் வைத்திருந்தாள். பாதிக்கு மேல் ஒரு சென்ட், ஐந்து சென்ட்.

அண்ணன் வரிசையில் நிற்பவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கடையில் பஸ்தேச்சி வாங்கி உட்கார்ந்தோம். பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த சோமாஸ் போன்ற பலகாரம், ஒன்று 4 கில்டர். அங்கேதான் அவர் இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாததைச் சொன்னார்.

2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு மேல் அறிவிப்பு. நள்ளிரவிலிருந்து 500, 1000 செல்லாது. 10ஆம் தேதி வங்கி திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. ஐம்பது நாள் அண்ணன் ஞாயிறு கூட வீட்டில் இருந்ததில்லை, அது எனக்குத் தெரியும். தெரியாதது இது: டிசம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜனவரியில் ஒரு பாட்டி வந்திருக்கிறார், சிவகாசிப் பக்கத்துக் கிராமம். கடுகு டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருந்த ஐநூறு ரூபாய் நோட்டுகள், இருபத்தாறு. பதின்மூன்றாயிரம். மகள் வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்தது, தன் காரியச் செலவுக்கு. பிள்ளைகள் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று. அண்ணன்தான் கவுண்டரில். வாங்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தம்மா சண்டை போடல. 'அப்ப இது என்னய்யா, காயிதமா?'ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. டப்பாவை மூடிக்கிட்டுப் போயிட்டாங்க."

பஸ்தேச்சி ஆறிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இங்கே எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். மாற்று விகிதம் ஒன்றுக்கு ஒன்று. மூன்று மாதம் இரண்டு பணமும் சேர்ந்தே ஓடின. நாளையிலிருந்து கடையில் பழையது செல்லாது, ஆனால் வணிக வங்கிகளில் வருகிற மார்ச் வரை மாற்றலாம். மத்திய வங்கியில் 30 வருஷம், 2055 மார்ச் 31 வரை. இந்த மத்திய வங்கி 1828இல் தொடங்கியது, அமெரிக்கக் கண்டங்களிலேயே பழையது. நெதர்லாந்தும் 2002இல் யூரோவுக்கு மாறியபோது கில்டர் நோட்டுகளுக்கு 30 வருஷம் கொடுத்தது, 2032 வரை. என் பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் ஒரு சூரியகாந்தி 50 கில்டரை வைத்திருக்கிறார்.

சாயங்காலம் விடுதி அம்மாவிடம் அண்ணன் கேட்டார்: பொனேர் மாதிரி டாலருக்கே போயிருக்கலாமே, ஏன் இந்தச் சிரமம்? அவர் தக்காளி நறுக்கிக்கொண்டே சொன்னார், பொனேரில் அவருடைய தங்கை இருக்கிறாராம், டாலர் வந்த வருஷம் கடையில் கில்டர் விலையை டாலர் விலையாக எழுதி வைத்தார்கள் என்று இன்றும் குறைபடுகிறாராம். "எண்ணிக்கை மாறவில்லை, பணம்தான் மாறியது."

கில்டரை டாலரோடு பிணைத்து வைப்பதைத் தவிரத் தீவுக்கு வேறு வழியும் குறைவு. அரிசி, மாவு, கோழி, சிமெண்ட் எல்லாமே கப்பலில் வருகிறது. குடிதண்ணீர் கூடக் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்தது. கையில் உள்ள ஒவ்வொரு கில்டரும் எப்போதாவது டாலராக மாறித்தான் தீர வேண்டும். ஆகவே மத்திய வங்கி வெளிநாட்டுப் பணக் கையிருப்பைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது. எண்ணெய் ஆலை ஒரு காலத்தில் டாலர் கொண்டு வந்தது, அது 2019க்குப் பிறகு முடங்கிவிட்டது. இப்போது கொண்டு வருவது எங்களைப் போன்ற பயணிகள். 1.79 என்ற எண் அசையாமல் நிற்பதற்கு இத்தனை பேர் தோள் கொடுக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்குக் காரைத் திருப்பிக் கொடுத்தேன். முன்பணத்தை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்காமல் பையில் வைத்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய். ஓட்ரோபண்டா

உறைக்குள் இருந்தது இரண்டு பூநாரை, ஐந்து தேன்சிட்டு. நூறு கில்டர், எல்லாமே நேற்றோடு கடைகளில் முடிந்த நோட்டுகள்.

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்துதானே கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் கோபப்படவில்லை. "எண்ணாம வாங்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். ஒரு வங்கிக்குப் போனோம். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு உண்மையாகவே வருத்தம், மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். அண்ணன் அவளிடம், "பரவாயில்லம்மா, உன் வேலை எனக்குத் தெரியும்" என்று தமிழிலேயே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். புரிந்திருக்கும்.

விடுதிக்கு வந்து சொன்னதும் அந்த அம்மா முந்தானை போலத் தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு உள்ளே போய், புதிய நோட்டாக நூறு கில்டர் கொண்டு வந்தார். தன் கணக்கில் பழையதைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். வெயிலில் வரிசையில் நிற்கப்போவது அவர்தான். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. "துஷி, எனக்கு அவசரம் இல்லை, மார்ச் வரை இருக்கிறதே." அண்ணன் தொண்ணூறு கில்டருக்கு மட்டும் மாற்றிக்கொண்டார். ஒரு தேன்சிட்டை எடுத்துத் தனியாக வைத்தார்.

இன்றைக்கு ஜூலை 1. 1863இல் இதே நாளில் இங்கே அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. அப்போது டச்சு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. யாருக்கு? உரிமையாளர்களுக்கு. குராசாவில் ஓர் ஆளுக்கு 200 கில்டர். விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. குடிசை போட்டுக்கொள்ள நிலம் வேண்டுமென்றால் பழைய முதலாளியின் பண்ணையில் சம்பளம் இல்லாமல் வருஷத்தில் சில நாட்கள் உழைக்க வேண்டும். 'பாகா தேரா' என்று பெயர், 'மண்ணுக்குக் கட்டு'. விடுதி அம்மாவின் தாத்தா அப்படி உழைத்தவர். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார், வைக்கோல் தொப்பி, வெறுங்கால், பின்னால் கள்ளி வேலி.

இரவு அவரே சமைத்தார். கெஷி யேனா. உருண்டைப் பாலாடைக்கட்டியின் ஓட்டுக்குள் கோழி, உலர்ந்த திராட்சை, ஆலிவ் எல்லாம் வைத்து அவித்தது. முதலாளிகள் உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுத் தூக்கிப் போட்ட ஓட்டில் அடிமைகள் மிச்சம் மீதியை அடைத்துச் சமைத்ததில் பிறந்த பலகாரம் என்று சொல்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 2, புதன். கிளம்பும் நாள்

கொடி நாள், விடுமுறை. தெருவெல்லாம் நீலக் கொடி, கீழ்ப்பக்கம் ஒரு மஞ்சள் கோடு, மூலையில் இரண்டு நட்சத்திரம், ஒன்று பெரிய குராசாவுக்கு, ஒன்று சின்னக் குராசாவ் என்ற குட்டித் தீவுக்கு. பிள்ளைகள் கன்னத்தில் நட்சத்திரம் வரைந்திருந்தார்கள். விடுதி அம்மா நீலச் சேலை போல நீண்ட பாவாடை கட்டி வாசலில் நின்று கையசைத்தார். "அயோ" என்றார். போய் வாருங்கள் என்று பொருள். அண்ணன் அதை நம்ம ஊர் 'ஐயோ'வாகக் கேட்டுப் பதறித் திரும்பிப் பார்த்தார், நான் விளக்கிச் சொன்னதும் அவரும் "அயோம்மா" என்றார்.

விமான நிலையத்தில் இரண்டு காபி, 14 கில்டர். புது நாணயத்தில் மீதி வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய சதுரக் காசோடு சேர்த்து மருந்து டப்பாவில் போட்டார்.

விமானம் கிளம்பக் காத்திருந்தபோது அந்தத் தேன்சிட்டு நோட்டை என்னிடம் கொடுத்தார். உறையில் போட்டு மேலே தேதி எழுதச் சொன்னார். 31 மார்ச் 2055.

"எனக்கு அப்ப 96 வயசு. நீ உம் மககிட்ட குடுத்து வையி. அவளுக்கு அப்ப 39. போய்க் கவுண்டர்ல நீட்டட்டும். வாங்கிக்கிறாங்களான்னு பாக்கட்டும்."

எழுதினேன். அவர் வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.